டார்ச்சுக்கு நானே செய்த வால் சுவிட்ச்

பழைய அலுமினிய டார்ச்சில் எல்இடியை மாற்றி, 18650 லித்தியம் செல் போட்டேன். புது எல்இடி 3 ஆம்பியர் இழுக்கும். வெளிச்சம் விட்டுவிட்டு வந்தது, கூடவே வால் மூடி (சுவிட்ச் இருக்கும் பின்பக்க மூடி) சுட்டது. தலைப்பக்கம் சுடுவது இயல்பு. வால் சுட்டால் சுவிட்சைத்தான் பார்க்கணும்.

மூடியைக் கழற்றி, மின்சாரம் மூடி வழியாகவே போகும்படி கம்பிகளால் இணைத்து எரியவிட்டு, ஸ்பிரிங் நுனிக்கும் மூடியின் மரைக்கும் நடுவே மல்டிமீட்டரால் அளந்தேன். 0.3 வோல்ட்! அதாவது 0.1 ஓம் தடை, கிட்டத்தட்ட 0.9 வாட் வெறும் சூடாகப் போகிறது.

சரி, புதிதாகவே செய்துவிடலாம் என்று காப்பர் கிளாட் போர்டில் (செம்புத் தகடு ஒட்டிய சர்க்யூட் போர்டு) ஒரு வட்டம் வெட்டி, மூடிக்குள் இறுக்கமாக உட்காரும்வரை அரத்தால் ராவினேன். ஓரத்தில் செம்பு வளையம், நடுவில் தனித் தீவு. இடையிலுள்ள செம்பைச் சுரண்டி எடுத்தாயிற்று. தீவில் ஸ்பிரிங். பின்பக்கம் கிளிக் சுவிட்ச்; அதன் ஒரு கால் தீவுக்கு, மற்றது வளையத்துக்கு.

பெரிய வித்தியாசம் தந்தது செம்புப் பின்னல்தான். எஃகு ஸ்பிரிங்கில் தடை அதிகம். அதனால் அதன் உள்ளே, நுனியிலிருந்து அடிவரை மெல்லிய பின்னலை சால்டர் செய்தேன். கொஞ்சம் தளர்வாக விடுங்கள், ஸ்பிரிங் அமுங்கும்போது மடங்க இடம் வேண்டும். அப்புறம், வளையம் தொடும் குழாய் விளிம்பை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்தேன். அலுமினியத்தின் மேல் இருக்கும் அனோடைஸ் (ஆக்சைடு) பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது.

இப்போது மூடி சூடாவதே இல்லை, வெளிச்சமும் நிலையாக நிற்கிறது. சுவிட்ச் வாங்கும்போது ஏசி அளவை மட்டும் பார்க்காமல், டிசியில் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று கேட்டு வாங்குங்கள்.