திருகோணமலையில் இருந்தபடி அமெரிக்க ஜனாதிபதிகளின் காணிக் கடிதங்களை வாசிப்பது எப்படி (1901–1913)

அரச காணி என்று பேச்செடுத்தால் திருகோணமலையில் இரண்டு கேள்விகள் சேர்ந்தே வரும். காணி எந்தத் திணைக்களத்தின் கையில் இருக்கிறது? அந்தக் கதிரையில் இருப்பவர் யார்? தியடோர் ரூஸ்வெல்ட் (1901–1909), வில்லியம் ஹவார்ட் டாஃப்ட் (1909–1913) ஆகியோரின் கடிதங்களையும் இதே கேள்விகளோடுதான் திறக்க வேண்டும். மேற்கு மாநிலங்களில் அரச காணி கேட்பவர் அந்தந்த மாவட்டக் காணிக் கந்தோரில் விண்ணப்பம் கொடுப்பார். அங்கே விண்ணப்பங்களைப் பதியும் ரெஜிஸ்டர், பணத்தை வாங்கும் ரிசீவர் என இரண்டு அதிகாரிகள். இருவரையும் செனட்டின் சம்மதத்தோடு ஜனாதிபதியே நியமித்தார். ஆகவே “எங்கள் ஊர் ரிசீவர் பதவிக்கு இன்னாரைப் போடுங்கள்” என்று ஒரு செனட்டர் எழுதினால், அதுவும் காணிக் கடிதம்தான். நியமனத்தைத் தனியாகவும் காணியைத் தனியாகவும் அடுக்கி வைப்பவருக்கு இரண்டுமே பிடிபடாது.

ரூஸ்வெல்டின் தாள்கள் வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகத்தின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முதல் தொடரில் அவருக்கு வந்த கடிதங்கள், இரண்டாம் தொடரில் அவர் அனுப்பியவற்றின் நகல் புத்தகங்கள். கடிதத்துக்குள் இருக்கும் சொல்லைத் தேடுபெட்டியில் இட்டுக் காத்திருக்க வேண்டாம், திகதி வரிசையில் போங்கள். ஆளின் பெயரையோ பொருளையோ வைத்துத் தேடுவதற்கு டிக்கின்சன் அரச பல்கலைக்கழகத்தின் தியடோர் ரூஸ்வெல்ட் நிலையம் நடத்தும் எண்ணிம நூலகம் வசதியானது. அங்கே திகதியைப் பிடித்துக்கொண்டு, அதற்கு முன்னும் பின்னும் இரண்டு கிழமைக் கடிதங்களைக் காங்கிரஸ் நூலகத்தில் புரட்டுங்கள். இணையம் மெதுவான வீடுகளில் படங்களைப் பெரிய அளவில் திறந்து வைத்துக் காத்திராமல், வேண்டிய பக்கங்களை மட்டும் நடுத்தர அளவில் தரவிறக்கினால் போதும். எழுத்து மங்கிய பக்கத்துக்கு மாத்திரம் பெரிய கோப்பு தேவை.

நகல் புத்தகத்தைப் பார்க்கும் எவரும் முதலில் தடுமாறுவார்கள். நகல் மையால் எழுதிய, அல்லது தட்டச்சுச் செய்த கடிதத்தை ஈரப்படுத்திய மெல்லிய தாளோடு சேர்த்து அழுத்தி எடுத்த படி அது. மை தாளின் பின்புறத்தில் கண்ணாடியில் தெரிவதைப் போல இடம் வலம் மாறிப் பதியும், தாள் மெல்லியது என்பதால் முன்புறத்தில் இருந்து நேராக வாசிக்கலாம். ஈரம் கூடினால் எழுத்து கசியும். குறைந்தால் பாதி வரி விழாது. மங்கிய பக்கத்தில் கணினித் திரையின் வெளிச்சத்தைக் கூட்டுவதால் பயன் இல்லை. படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, மாறுபாட்டைக் கூட்டிப் பாருங்கள். அப்படியும் விளங்காத சொல்லை ஊகித்து நிரப்பாமல் சதுர அடைப்புக்குள் புள்ளி வையுங்கள். ஆளின் பெயர், ஏக்கர் எண்ணிக்கை, மாநிலத்தின் பெயர் ஆகிய மூன்றிலும் ஊகம் கூடவே கூடாது.

வந்த கடிதங்களின் மேல் ஓரத்தைக் கட்டாயம் பாருங்கள். பதில் அனுப்பியாயிற்று என்பதற்கான சுருக்கக் குறிப்பும் திகதியும் அங்கே கையால் எழுதப்பட்டிருக்கும். 3/7/05 என்று இருந்தால் அது 1905 மார்ச் 7. நாங்கள் நாளை முதலில் எழுதிப் பழகியதால் ஜூலை 3 என்று குறித்துவிடுவோம், பிறகு பதில் கடிதத்தைத் தேடி நான்கு மாதம் தள்ளி அலைவோம். கொப்பியில் எழுதும்போது மாதத்தை எழுத்தால் எழுதுங்கள். ரூஸ்வெல்டின் செயலாளர் வில்லியம் லோப் ஒப்பமிட்ட இரண்டு வரிப் பதில் மட்டும் கிடைத்தால், மூலக் கடிதம் அரச காணிக்குப் பொறுப்பான உள்துறைத் திணைக்களத்துக்குப் போயிருக்கக்கூடும். ஜனாதிபதியின் தாள்களில் அது இல்லை என்பதால் கடிதமே எழுதப்படவில்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

காணியின் விபரம் வரும் இடத்தில் ஆறுதலாக இருந்து வாசியுங்கள். எங்கள் வரைபடத்தில் துண்டு இலக்கம், ஏக்கர், றூட், பேர்ச் என்று வரும். அவர்களிடம் “என்.இ. ¼, செக். 14, டி. 3 எஸ்., ஆர். 5 இ.” என்று வரும். இதைக் கடைசியில் இருந்து பின்னோக்கி வாசிக்க வேண்டும். முதன்மை நெடுங்கோட்டுக்குக் கிழக்கே ஐந்தாவது நிரல், அடிக்கோட்டுக்குத் தெற்கே மூன்றாவது வரிசை: இவை சந்திக்கும் சதுரம் ஒரு டவுன்ஷிப். அது பக்கத்துக்கு 6 மைல், உள்ளே 36 செக்‌ஷன்கள். ஒவ்வொன்றும் 640 ஏக்கர். எண்ணிக்கை வடகிழக்கு மூலையில் தொடங்கி மேற்கே போய், அடுத்த வரிசையில் கிழக்கே திரும்பும், வயல் உழுகிற மாடு திரும்புவதைப் போல. ஆகவே 14 என்பது மூன்றாம் வரிசையில், கிழக்கு ஓரத்தில் இருந்து இரண்டாவது. அதன் வடகிழக்குக் கால்பங்கு 160 ஏக்கர், 1862ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டம் ஒருவருக்குக் கொடுத்த உச்ச அளவும் அதுவே. நெடுங்கோட்டின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரிகன், வாஷிங்டன் மாநிலங்களுக்கு அது வில்லமெட் நெடுங்கோடு. அந்தப் பெயர் இல்லாவிட்டால் இதே இலக்கம் வேறு மாநிலத்துக் காணிக்கும் பொருந்தும். செக்‌ஷன் 16, 36 என்று வந்தால் நின்று பாருங்கள். பல மாநிலங்களில் அவை பாடசாலைகளுக்காக ஒதுக்கிய காணிகள், அவற்றின் விதிகள் வேறு.

காடு பற்றிய கடிதமானால் திகதியே திணைக்களத்தைச் சொல்லிவிடும். 1905 பெப்ரவரி 1 வரை காட்டு ஒதுக்கங்கள் உள்துறையின் கீழ் இருந்தன. அன்று முதல் விவசாயத் திணைக்களத்துக்கு, அங்கே காட்டுப் பிரிவின் தலைவராக இருந்த கிஃபர்ட் பின்ஷோவின் பொறுப்புக்குப் போயின. ஆனால் அந்தக் காடுகளுக்குள் உள்ள உரிமைக் கோரிக்கைகளைத் தீர்க்கும் வேலை மாவட்டக் காணிக் கந்தோர்களுக்கு மேலே இருந்த, உள்துறையின் பொதுக் காணிக் கந்தோரிலேயே தங்கியது. பிரதேச செயலகத்தின் பெர்மிட் ஒரு பக்கமும் வன இலாகாவின் எல்லைக்கல் மறுபக்கமுமாக நிற்கும் காணிகளைப் பார்த்தவர்களுக்கு இந்த இழுபறியை விளக்கத் தேவையில்லை. அதனால் 1905க்குப் பிந்திய காட்டுக் கடிதம் எதற்கும் இரண்டு திணைக்களங்களின் பதிலையும் தேடுங்கள். 1907 மார்ச் முதல் கிழமையைத் தனியாக எடுத்து வாசிப்பது நல்லது. ஆறு வடமேற்கு மாநிலங்களில் புதிய காட்டு ஒதுக்கங்களைக் காங்கிரஸ் தடுத்த சட்டத்தில் மார்ச் 4 அன்று ஒப்பமிடுவதற்கு முன்பே, ரூஸ்வெல்ட் ஏறத்தாழ 1 கோடி 60 இலட்சம் ஏக்கரை ஒதுக்கிப் பிரகடனம் செய்துவிட்டார். அதே சட்டத்தோடு ‘ஃபாரஸ்ட் ரிசர்வ்’ என்ற பெயர் ‘நேஷனல் ஃபாரஸ்ட்’ ஆனது, ஆகவே தேடும் சொல்லையும் மாற்ற வேண்டும்.

நியமனக் கடிதங்களுக்குக் கட்டங்கள் உண்டு: சிபாரிசு, பெயர் முன்மொழிவு, செனட்டின் உறுதிப்பாடு, நியமனப் பத்திரம். கையில் உள்ள கடிதம் எந்தக் கட்டத்தில் எழுதப்பட்டது என்று முதலில் தீர்மானியுங்கள். ஜனாதிபதி ஒருவரைப் புகழ்ந்து எழுதியதாலேயே அவர் பதவியேற்றார் என்று எடுத்துக்கொள்வதுதான் இதில் அடிக்கடி நடக்கும் பிழை. செனட்டின் நிர்வாக நடவடிக்கைப் பதிவேட்டில் பெயரைப் பார்த்த பிறகே “நியமிக்கப்பட்டார்” என்று எழுதுங்கள். அரிசோனாவும் நியூ மெக்சிகோவும் 1912 வரை மாநிலங்கள் அல்ல, அவற்றுக்குச் செனட்டர்கள் கிடையாது. அங்கே சிபாரிசு வேறு கைகளில் இருந்து வரும்.

கடிதத்தின் தலைப்பில் உள்ள திகதியையும் கண்ணை மூடி நம்ப முடியாது. அலாஸ்காவில் கன்னிங்ஹாம் என்ற பெயரால் அறியப்பட்ட நிலக்கரிக் காணிக் கோரிக்கைகள் பற்றி உள்துறைச் செயலாளர் ரிச்சர்ட் பாலிஞ்சர் மீது, பொதுக் காணிக் கந்தோரின் அதிகாரி லூயிஸ் கிளேவிஸ் டாஃப்டிடம் முறையிட்டார். 1909 செப்டெம்பர் 13 திகதியிட்ட கடிதத்தில் டாஃப்ட், பாலிஞ்சரை விடுவித்து, கிளேவிஸை விலக்க அனுமதி கொடுத்தார். அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட சட்டமா அதிபர் விக்கர்ஷாமின் அறிக்கை செப்டெம்பர் 11 திகதி தாங்கியிருந்தது. 1910இல் காங்கிரஸ் விசாரணையில் கிளேவிஸின் வழக்கறிஞர் லூயிஸ் பிரண்டைஸ், அந்த அறிக்கை பிறகு எழுதப்பட்டு முன்திகதி இடப்பட்டது என்பதை வெளிக்கொணர்ந்தார். ஆகவே குறிப்பேட்டில் திகதிக்கு இரண்டு நிரல் போடுங்கள்: தாளில் உள்ள திகதி ஒன்று, மற்ற ஆவணங்களால் உறுதியான திகதி மற்றொன்று. மிகுதி நிரல்களுக்கு எழுதியவர், பெற்றவர், மாநிலம், காணிக் கந்தோர், பதவி, காணி விபரம், இணைப்புகள், பட இலக்கம் போதும். பட இலக்கத்தை அன்றைக்கே எழுதிவிடுங்கள், பிறகு அதே பக்கத்தைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

இணையத்தில் இல்லாத மிச்சம் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. உள்துறைச் செயலாளரின் கோப்புகளும் நியமனத் தாள்களும் ஆவணத் தொகுதி 48, பொதுக் காணிக் கந்தோரின் கோப்புகள் தொகுதி 49, வன சேவைக்குரியவை தொகுதி 95. மின்னஞ்சலில் தொகுதி இலக்கம், மாநிலம், காணிக் கந்தோர் இருந்த ஊர், அதிகாரியின் பெயர், ஆண்டு ஆகிய ஐந்தையும் கொடுங்கள். “ரூஸ்வெல்டின் காணிக் கடிதங்கள் வேண்டும்” என்று மட்டும் கேட்டால் பொதுவான வழிகாட்டிதான் பதிலாக வரும். தொலைபேசியில் பேசுவதானால், வாஷிங்டனில் காலை 9 மணி எங்களுக்குக் கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் இரவு 7.30.