240 மணி நேரக் கணக்கு

1969இல் தொடங்கப்பட்ட நாட்டு நலப்பணித் திட்டத்தில், ஒரு மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணியாற்றி, ஏழு நாள் சிறப்பு முகாமிலும் கலந்துகொண்டால்தான் சான்றிதழுக்குத் தகுதி பெறுவார். எங்கள் கல்லூரியில் நான் திட்ட அலுவலராக இருந்த முதல் ஆண்டில், நூறு பேரின் வருகைக் கணக்கும் மாணவச் செயலரின் ஒரே குறிப்பேட்டில் இருந்தது. அவர் படிப்பை முடித்துச் சென்றதும் குறிப்பேடும் காணாமற்போயிற்று. (தவறு அவருடையதன்று, ஒருமுறைகூடப் பார்க்காத என்னுடையதே.)

நிழற்படங்களையும் செலவுச் சீட்டுகளையும் ஒப்பிட்டுக் கணக்கை ஓரளவு மீட்டேன். பின்னர், ஒவ்வொருவரும் தம் பணிக்குறிப்பேட்டில், கலைந்து செல்லும் முன்பே, பணி நடந்த இடத்திலேயே நேரத்தை எழுதி என் கையொப்பம் பெற வேண்டும் என்று விதித்தேன். புதிய செயலரையும் பிப்ரவரியிலேயே தேர்ந்தெடுத்து, பழையவருடன் இரண்டு மாதம் சேர்ந்து பணியாற்றச் செய்தேன். அடுத்த ஆண்டு மணிக்கணக்கு ஒரே மாலையில் முடிந்தது.