திம்பம் இறக்கத்தில் கைவிட்ட மோட்டார்

நாமக்கல்லில் கூண்டு கட்டிய என் பழைய லாரி இப்போது பயண வீடு. டீசல் எஞ்சினை எடுக்கவில்லை. கியர்பாக்ஸுக்கும் பின் அச்சுக்கும் நடுவே, சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டில் ஒரு மின்மோட்டார், அடியில் 40 யூனிட் லித்தியம் பேட்டரி. இறக்கத்தில் மோட்டாரே பிரேக்காகி பேட்டரியை நிரப்பும்.

தாளவாடியில் இரவு முழுக்கச் சார்ஜ் போட்டு, 100 சதவீதம் என்று பெருமையோடு கிளம்பினேன். சத்தியமங்கலம் பக்கம் இறங்கும் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். மூன்றாவதிலேயே மோட்டாரின் பிடி சட்டென்று விட்டது. பண்ணாரி அம்மனைக் கூப்பிட்டபடி இரண்டாம் கியரில் இறங்கினேன். கீழே வந்தபோது பிரேக் லைனிங் கருகிய நாற்றம்.

வயரிங் செய்த அண்ணன் சிரித்தார்: "ஏனுங்க, நிறைந்த குடத்தில் தண்ணீர் ஊற்றினால் எங்கே போகும்?"

கோளாறே இல்லை. நிறைந்த பேட்டரியைக் காக்க அதன் கட்டுப்பாட்டுப் பலகை மின்னோட்டத்தை மறுத்திருக்கிறது. கணக்குப் போட்டேன்: 10 டன் வண்டி 700 மீட்டர் இறங்கினால் சுமார் 19 யூனிட் ஆற்றல். உராய்வு போக, பாதி திரும்பினாலும் இடம் வேண்டுமே!

மலைமேல் இப்போது 70 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்துகிறேன். பேட்டரி ஏற்கும் அளவைப் பார்த்து மோட்டார் பிடியைப் படிப்படியாகக் குறைக்கும்படி கண்ட்ரோலரை மாற்றினோம். முக்கியமாக, வேண்டாம் என்று கழற்றி வைத்திருந்த எக்ஸாஸ்ட் பிரேக் (எஞ்சின் புகைவழியை அடைத்து வண்டியின் வேகத்தைக் குறைப்பது) மீண்டும் ஏறிவிட்டது. அதைக் கழற்றச் சொன்னதும் நான்தான் என்பதை அண்ணன் இன்னும் மறக்கவில்லை.