டெல்டாவில் ட்ரோன் பழகுவது எப்படி: கம்பி, தண்ணீர், தென்னை

மலை இல்லை, பள்ளத்தாக்கு இல்லை, கண்ணுக்கெட்டிய தூரம் வரை வயல். ட்ரோன் பழக இதைவிடத் தோதான ஊர் ஏது என்று நினைத்துத்தான் நானும் வாங்கினேன். பதினோராவது நாள் அது நாற்றங்காலுக்குள் விழுந்தது. எடுக்கப் போன எனக்கு முழங்கால் வரை சேறு, வயல்காரரிடம் வாங்கிய திட்டு தனிக் கணக்கு. நம் ஊரில் ட்ரோனைக் கெடுப்பவை உயரத்தில் இல்லை. தரையிலிருந்து தென்னை உச்சிக்குள்தான் எல்லாமே இருக்கின்றன. புதிதாகப் பழகுபவர்கள் அதை மனதில் வைத்துக்கொண்டே தொடங்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

1. முதலில் பொம்மை

இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் உள்ளங்கை அளவு ட்ரோன் ஒன்றை வாங்கிக் கூடத்துக்குள்ளேயே ஓட்டுங்கள். அதில் ஜிபிஎஸ் இருக்காது, தானாக நிற்கவும் தெரியாது. அதனால்தான் சொல்கிறேன். விலை கூடிய ட்ரோன் கையை விட்டாலும் அசையாமல் நிற்கும், எனவே நமக்கு ஓட்டத் தெரிந்துவிட்டதாக ஒரு மயக்கம் வரும். ஜிபிஎஸ் கைவிடும் நாளில் அந்த மயக்கம் தெளியும். பொம்மையில் பத்து நாள் சுவரில் முட்டியவருக்கு அன்றைக்குப் பதற்றம் வராது.

அடுத்து வாங்கும்போது எடையைப் பாருங்கள். 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரை 'நானோ', அதற்கு மேல் 2 கிலோ வரை 'மைக்ரோ'. 250 கிராமைத் தாண்டினால் பதிவு எண்ணும் மூன்றாம் நபர் காப்பீடும் வேண்டும். பொழுதுபோக்குக்காக இந்த இரண்டு வகைகளை ஓட்ட பைலட் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் கல்யாண வீட்டில் காசு வாங்கிக்கொண்டு மைக்ரோ ட்ரோன் ஓட்டுவது பொழுதுபோக்கில் சேராது. இன்னொன்று, 2022 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டு ட்ரோன்களை இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது. பில் இல்லாமல் மலிவாக வருவதை வாங்கினால் பழுது பார்க்கவும் பதிவு செய்யவும் அலைய வேண்டியிருக்கும்.

2. வரைபடம் பாருங்கள்

அரசின் 'டிஜிட்டல் ஸ்கை' இணையதளத்தில் நாட்டின் வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். பச்சையில் 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை அனுமதி கேட்காமல் பறக்கலாம். மஞ்சளில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் அனுமதி வாங்க வேண்டும். சிவப்புக்கு மத்திய அரசின் அனுமதி தேவை.

புதிதாக வாங்கியவர்கள் எல்லாருக்கும் முதல் ஆசை பெரிய கோயில் விமானத்தை மேலிருந்து எடுப்பது. விட்டுவிடுங்கள். தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது, போர் விமானங்கள் பறக்கிற வானம் அது. கோயிலோ தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள உலகப் பாரம்பரியச் சின்னம். தாராசுரத்துக்கும் கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. கோடியக்கரை சரணாலயத்தில் வனத்துறை அனுமதியில்லாமல் ட்ரோனை வெளியே எடுக்கவே வேண்டாம். திருவிழா, தலைவர்கள் வருகை என்றால் பச்சைப் பகுதியும் தற்காலிகமாகச் சிவப்பாகலாம், ஆகவே கிளம்பும் அன்று காலையிலும் ஒருமுறை பாருங்கள்.

3. எந்த இடம், எந்த நேரம்

தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும் வயல் காலியாகத் தெரியும். இறங்கிவிடாதீர்கள். அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே நெல்லுக்குள் உளுந்தும் பயறும் தெளித்திருப்பார்கள். தாளுக்கு நடுவே குனிந்து பார்த்தால்தான் இரண்டிலை விட்டிருப்பது தெரியும். நீங்கள் நடந்து போகிற தடம் வயல்காரருக்கு நஷ்டம். பள்ளிக்கூடத் திடல், களத்துமேடு, கோடையில் வற்றிய ஏரி, இவற்றில் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

காலை ஆறரையிலிருந்து எட்டு மணி வரைதான் பழக நல்ல நேரம். மார்கழி, தையில் மட்டும் பனிமூட்டம் விலகும் வரை பொறுங்கள், அந்த ஈரம் மோட்டாருக்குள் போகும். கத்திரி வெயிலில் மதியம் ஓட்டினால் பேட்டரிக்கு முன்னால் உங்கள் போன் சூடாகித் திரை மங்கிவிடும்.

4. கிளப்பும் முன்

சாக்கோ பழைய பாயோ விரித்து அதன் மேல் வையுங்கள். வைக்கோல் தூசியும் மண்ணும் மோட்டாருக்குள் போகாது. இறக்கைகளை ஒவ்வொன்றாக நகத்தால் தடவிப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத பிசிறு நகத்தில் தட்டும். நான்கில் இரண்டு வலமாகவும் இரண்டு இடமாகவும் சுழல்பவை. மாற்றி மாட்டினால் கிளம்பிய இடத்திலேயே குப்புறக் கவிழும்.

பேட்டரி உப்பியிருந்தால் அன்றைக்குப் பறப்பது இல்லை, அந்தப் பேட்டரி இனி எப்போதும் இல்லை.

மேடாக இருக்கிறதே என்று மதகின் மீதோ பாலத்தின் மீதோ வைத்துக் கிளப்பும் பழக்கம் நம் பக்கம் அதிகம். கான்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பி, மதகில் இரும்பு ஷட்டர். திசைகாட்டி அங்கேயே குழம்பிவிடும், ட்ரோன் மேலே போனதும் வட்டமடிக்கத் தொடங்கும். மோட்டார் கொட்டகை, நிறுத்தி வைத்த டிராக்டர் பக்கத்திலும் வேண்டாம். ஜிபிஎஸ் போதுமான செயற்கைக்கோள்களைப் பிடித்து, 'ஹோம் பாயிண்ட்' (ட்ரோன் திரும்பி வர வேண்டிய இடம்) பதிவானது என்று திரையில் வந்த பிறகே ரிமோட்டின் ஸ்டிக்கைத் தொடுங்கள்.

5. விரல் பழகும் பாடம்

பெரும்பாலான ரிமோட்டில் இடது ஸ்டிக் ஏற்றும், இறக்கும், மூக்கை, அதாவது ட்ரோனின் முன்பக்கத்தை, திருப்பும். வலது ஸ்டிக் முன்னே, பின்னே, பக்கவாட்டில் நகர்த்தும். இரண்டையும் கட்டைவிரல் நுனியால் தள்ளாமல், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துக் கிள்ளிப் பிடியுங்கள். உப்புப் போடுகிற மாதிரி. அசைவு நிதானமாக வரும்.

முதல் நாள் வேலை ஒன்றே ஒன்று: ட்ரோனின் பின்புறம் உங்களைப் பார்க்க, தலை உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, ஐந்து மீட்டர் தள்ளி நிறுத்துவது. தரையிலிருந்து அரை அடியில் நிறுத்தப் பார்க்காதீர்கள். இறக்கை தள்ளும் காற்று தரையில் பட்டுத் திரும்பி வருவதால் அங்கே தள்ளாடும்.

இரண்டாவது, சதுரம். களத்தின் நான்கு மூலைகளிலும் செங்கல் வைத்து, மூக்கைத் திருப்பாமலேயே ஒவ்வொன்றின் மேலும் போய் நில்லுங்கள்.

மூன்றாவது பாடத்தில்தான் எல்லாரும் தடுமாறுவார்கள். மூக்கு உங்களைப் பார்க்கும்போது இடம் வலமாகிவிடும். என் அத்தை மகனுக்குச் சொல்லிக்கொடுத்தபோது ட்ரோன் அவனுக்கு இடப்பக்கம் நழுவியது, அவன் பதறி வலது பக்கம் தள்ளினான், அது இன்னும் வேகமாக இடப்பக்கம் ஓடியது, மேலும் தள்ளினான். வேலியில் கிளுவை முள் தடுத்தது. கணக்குப் போட்டுப் புரிந்துகொள்ளப் பார்த்தால் நேரம் போதாது. ஒரு வழி இருக்கிறது: மூக்கு உங்களைப் பார்க்கும்போது, ட்ரோன் எந்தப் பக்கம் நழுவுகிறதோ அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ளுங்கள். சாய்கிற பந்தலுக்கு அந்தப் பக்கத்தில் முட்டுக் கொடுப்பதில்லையா, அப்படி. அன்று சாயங்காலத்துக்குள் அவனுக்குப் பிடிபட்டுவிட்டது.

இதெல்லாம் வந்த பிறகு இரண்டு செங்கல்லைச் சுற்றி எட்டுப் போடுங்கள். எட்டு சுத்தமாக வந்தால் கேமராவைப் பற்றி யோசிக்கலாம்.

இறக்கும்போது நேர்கீழாக வேகமாக இறக்காதீர்கள். தான் தள்ளிய காற்றுக்குள்ளேயே தான் விழுந்து பிடி இல்லாமல் ஆடும். கொஞ்சம் முன்னே நகர்த்திக்கொண்டே இறக்குங்கள்.

6. கம்பியும் தென்னையும்

பம்புசெட்டுக்குப் போகும் மின்கம்பி வயலின் குறுக்கே தொய்ந்து கிடக்கும். கேமராவில் அது தெரியவே தெரியாது. தேட வேண்டியது கம்பியை அல்ல, கம்பத்தை. பறப்பதற்கு முன் ஒரு சுற்று நின்று பார்த்து, கம்பத்துக்குக் கம்பம் மனதுக்குள் கோடு போட்டுக்கொள்ளுங்கள், கம்பத்தை இழுத்துக் கட்டிய ஸ்டே கம்பியையும் சேர்த்து. கரிச்சானும் மீன்கொத்தியும் இதில் நமக்கு உதவி. வெட்டவெளியில் ஒரு பறவை அசையாமல் உட்கார்ந்திருந்தால் அதன் காலடியில் கம்பி இருக்கிறது.

அதே கரிச்சான் கூடு கட்டும் காலத்தில் பருந்தையே துரத்தும், உங்கள் ட்ரோனை விடுமா? பருந்தோ கரிச்சானோ பாய வந்தால், மேலே தடையில்லை என்று பார்த்து நேராக உயர்த்துங்கள். அந்த வேகத்துக்கு அவற்றால் ஏற முடியாது. அப்புறம் அன்றைக்கு அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

'வீடு திரும்பு' பொத்தானை நம்பலாம், ஆனால் ட்ரோன் எந்த உயரத்தில் திரும்பி வர வேண்டும் என்பதை நீங்கள்தான் அமைக்க வேண்டும். நெட்டைத் தென்னை 20, 25 மீட்டர் வளரும், எனவே நான் 40 மீட்டர் வைக்கிறேன். பக்கத்தில் கோபுரமோ செல்போன் டவரோ இருந்தால் அதற்கும் மேலே. தோப்புக்குள், மட்டைக்குக் கீழே இருக்கும்போது மட்டும் அந்தப் பொத்தானை அழுத்தவே கூடாது. அது முதலில் நேர்மேலே ஏறும், குருத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். மரமேறுபவருக்குச் சொல்லியனுப்பி, அவர் வரும் வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

7. தண்ணீர்

தாழ்வாகப் பறக்கும்போது ட்ரோன் தன் அடியில் உள்ள கேமராவால் தரையைப் பார்த்துத்தான் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. தண்ணீர் கட்டிய வயலில் அதற்குத் தெரிவது வானமும் அலையும். அலை நகர்ந்தால் தானும் நகர்வதாக நினைக்கும், உயரத்தையும் தப்பாகக் கணக்கிடும். என் ட்ரோன் நாற்றங்காலில் இப்படித்தான் மெல்ல இறங்கியது. நான் பயந்து இடது ஸ்டிக்குக்குப் பதில் வலது ஸ்டிக்கை இழுத்தேன். மேட்டூர் திறந்து ஆற்றிலும் வாய்க்காலிலும் தண்ணீர் ஓடும் மாதங்களில், தண்ணீருக்கு மேல் போவதென்றால் மூன்று, நான்கு மீட்டருக்குக் குறையாதீர்கள். முதல் ஒரு மாதம் போகவே வேண்டாம்.

விழுந்துவிட்டால் உடனே பேட்டரியைக் கழற்றுங்கள். அந்தப் பேட்டரியை மறுபடி சார்ஜ் போடாதீர்கள். சேற்றையும், வேதாரண்யம் பக்கம் என்றால் உப்பையும், நல்ல தண்ணீரில் அலசிவிட்டு நிழலில் நாள்கணக்கில் காயவையுங்கள்.

8. காற்றும் பேட்டரியும்

ஆடியில் மேல்காற்று அடிக்கும். நாகப்பட்டினம், திருவாரூர் பக்கம் கோடை மதியத்தில் கடற்காற்று கிழக்கிலிருந்து ஏறும். எந்தக் காற்றானாலும் போகும்போது எதிர்காற்றில் போங்கள், வரும்போது காற்றே தள்ளிக்கொண்டு வரும். மாற்றிச் செய்தால் போகும்போது சுகமாக இருக்கும், திரும்பும்போது பேட்டரி வற்றும். தரையில் இலை அசையாத நாளிலும் தென்னை உச்சியைப் பாருங்கள்.

பெட்டியில் முப்பது நிமிடம் என்று போட்டிருந்தால் இருபதுக்கு மேல் கணக்கில் எடுக்காதீர்கள். 30 சதவீதத்தில் தரைக்கு வந்துவிட வேண்டும். பறந்து முடித்த சூட்டோடு சார்ஜ் போடாதீர்கள், போட்டுவிட்டுத் தூங்கவும் போகாதீர்கள். ஒரு வாரம் பறக்கப் போவதில்லை என்றால் பாதி சார்ஜில் வையுங்கள், செல் ஒன்றுக்கு ஏறக்குறைய 3.8 வோல்ட்.

9. கடைசியாக, ஆள்கள்

குளத்துப் படித்துறை, கொல்லைப்புறம், நடவு நடக்கும் வயல், இவற்றுக்கு மேல் கேமரா போகக் கூடாது. சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

சிறுவர்கள் கூடுவார்கள். ஒருவனை 'நீதான் பருந்து பார்க்கிற ஆள்' என்று நியமித்துவிடுங்கள், மற்றவர்களை அவனே தள்ளி நிற்க வைப்பான். பெரியவர்கள்தான் சிக்கல். மருந்தடிக்கிற ட்ரோனை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள், மருந்து டப்பா இல்லாமல் சும்மா பறப்பதைக் கண்டால் சந்தேகம் வரும். வயல் ஓரத்தில் நான் பழகிக்கொண்டிருந்தபோது ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார்.

"என்ன தம்பி, மீத்தேனுக்கு அளக்குறீங்களா?"

மீத்தேன் திட்டத்தை எதிர்த்துப் போராடிய இந்தப் பக்கத்தில் அந்தக் கேள்விக்குச் சிரிக்கக் கூடாது. "இல்லைங்கய்யா, விளையாட்டுக்குத்தான், பாருங்க" என்று ட்ரோனை அசையாமல் நிறுத்திவிட்டுத் திரையை அவர் பக்கம் திருப்பினேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். வரப்பை வரப்பாக அடையாளம் கண்டுபிடித்து, விரலை ஓரிடத்தில் வைத்தார்.

"இது நம்ம வயலுல்ல? மடை ஒடஞ்சு கெடக்கே!"

சைக்கிளைக்கூட எடுக்காமல் வரப்பில் ஓடினார்.