விக்டோரியா காலத்து பிரிட்டன் ஏன் படை அனுப்பியது? காரணத்தைத் தேடும் முறை

"பொருளாதாரம், அரசியல், மதம், பெருமை" என்று நாலு காரணத்தை மனப்பாடம் செய்துகொண்டு எந்த நாட்டைப் பற்றிக் கேட்டாலும் அதையே எழுதும் பழக்கத்தை முதலில் விடுங்கள். ஒரே ஒரு நாடு, ஒரே ஒரு வருடம் போதும். நான் எடுத்துக்கொள்வது எகிப்து, 1882.

தேதியிலிருந்து பின்னால் போங்கள். 1882 ஜூலை 11 அன்று பிரிட்டிஷ் கப்பல்கள் அலெக்சாண்ட்ரியா மீது குண்டு பொழிந்தன. அதற்கு முந்தைய மாதம் அங்கே கலவரம். அதற்கும் முன்னால், 1881இல், அந்நியர் பிடிக்கு எதிராக அகமது உராபி என்ற ராணுவ அதிகாரியின் எழுச்சி. சரி, அந்தப் பிடி எப்படி வந்தது? 1876இல் எகிப்து கடனில் மூழ்கியதும் பிரிட்டனும் பிரான்ஸும் அதன் வரவு செலவைக் கையில் எடுத்துக்கொண்டன. அதற்கு முந்தைய வருடம்தான் அப்போதைய பிரிட்டிஷ் பிரதமர் டிஸ்ரேலி ராத்ஸ்சைல்டு என்ற வங்கிக் குடும்பத்திடம் கடன் வாங்கி, 40 லட்சம் பவுண்டுக்கு எகிப்து அரசரின் சூயஸ் கால்வாய்ப் பங்குகளை வாங்கியிருந்தார்.

அடுத்து, பணம் யாருடையது என்று பாருங்கள். படை அனுப்பிய பிரதமர் கிளாட்ஸ்டனின் முதலீட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எகிப்துக் கடன் பத்திரங்கள். இதைக் கண்டதும் காரணம் கிடைத்துவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள், ஏனென்றால் பிரான்ஸ்காரர்களும் ஏராளமாகக் கடன் கொடுத்திருந்தார்கள், ஆனாலும் அவர்களுடைய நாடாளுமன்றம் படைச் செலவுக்குப் பணம் தர மறுத்துவிட்டது. ஒரே கடன், இரண்டு முடிவு. அப்படியென்றால் பிரிட்டனுக்கு மட்டும் கூடுதலாக என்ன இருந்தது?

இங்கேதான் வரைபடம் வேண்டும். லண்டனிலிருந்து பம்பாய்க்கு விரலால் கோடு போடுங்கள்: ஜிப்ரால்டர், மால்டா, 1878இல் கைக்கு வந்த சைப்ரஸ், சூயஸ், 1839இல் பிடித்த ஏடன். ஆப்பிரிக்காவைச் சுற்றுவதைவிட இந்த வழியில் 7,000 கிலோமீட்டருக்கு மேல் மிச்சம். கடன் பிரச்சினையைக் கிளப்பியது, ஆனால் படையை இறக்கியது இந்தியாவுக்கான இந்தப் பாதைதான் என்பது என் முடிவு. அந்தப் போரில் மெட்ராஸ் சாப்பர்களும் (பாலம், பாதை போடும் ராணுவப் பொறியாளர் படை) போனார்கள், இந்தியப் படைகளின் செலவில் ஒரு பகுதி இந்தியாவின் தலையில்தான் விழுந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும்.

அப்புறம், பிரிட்டன் சொன்னதையும் செய்ததையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஒழுங்கை நிலைநாட்டிவிட்டுச் சீக்கிரம் கிளம்பிவிடுவோம் என்றார்கள். ஆனால் பிரிட்டனின் பிரதிநிதி ஈவ்லின் பேரிங் 1883 முதல் 1907 வரை அங்கே இருந்து நாட்டையே நடத்தினார், கால்வாய்ப் பகுதியை விட்டுப் படை போனது 1956இல். எதிர்த்தவர்களையும் விடாதீர்கள்: அலெக்சாண்ட்ரியாவைத் தாக்கியதைப் பொறுக்காமல் ஜான் பிரைட் அமைச்சரவையிலிருந்தே விலகினார். பிரிட்டன் என்று ஒரே மனசு இருந்ததில்லை.

இதே முறையில் 1885 பர்மாவை நீங்களே முயன்று பாருங்கள். ஜனவரியில் பிரான்ஸுடன் பர்மாவின் ஒப்பந்தம், ஆகஸ்டில் பிரிட்டிஷ் தேக்கு கம்பெனிக்கு அபராதம், நவம்பரில் பர்மாவின் தலைநகர் மாண்டலே வீழ்ச்சி. மூன்று தேதிகளையும் தாளில் எழுதிவிட்டு, அபராதம் மட்டும் இருந்திருந்தால் படை வந்திருக்குமா என்று கேளுங்கள்.