கோல்ட் கோஸ்ட் போகிறவர்கள் நேரக் கணக்கில் செய்யும் தவறுகள்

கடற்கரை என்றால் நமக்குச் சாயங்காலம்தான். வெயில் தாழக் கிளம்பி, காற்று வாங்கி, சுண்டல் தின்று, இருட்டியதும் வீடு திரும்புவது மெரினாவில் பழகிய வழக்கம். அதே பழக்கத்தோடு ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்டுக்குப் போகிறவர்கள் பிற்பகலில் சர்ஃபர்ஸ் பாரடைஸ் மணலில் வந்து நின்று, 'வெயிலைக் காணோமே' என்று விழிப்பார்கள். கடல் இருப்பது கிழக்கே. மேற்கே, முதுகுப்புறமாக, அடுக்குமாடிகள் வரிசைகட்டி நிற்கின்றன. அவற்றில் க்யூ1 என்ற கட்டடம் மட்டுமே 322 மீட்டர் உயரம். சூரியன் சாயத் தொடங்கியதும் அத்தனை நிழலும் மணல்மேல்தான் விழும். அங்கே குளிர்காலமான ஜூன், ஜூலையில் மதியச் சாப்பாடு முடித்து வருவதற்குள் பாதி மணல் நிழலில் இருக்கும், காற்றும் சில்லென்று இருக்கும்.

இந்த ஊரில் ஏமாந்து திரும்புகிறவர்கள் பெரும்பாலும் பணத்தில் ஏமாறுவதில்லை, நேரத்தில்தான். இந்த ஊர் இருக்கும் குயின்ஸ்லாந்து மாநிலம், பக்கத்து மாநிலத்தைப் போலக் கோடையில் கடிகாரத்தை 1 மணி நேரம் முன்னே தள்ளி வைப்பதில்லை. 1992இல் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் அங்கே கோடையான டிசம்பரில் காலை 4.45 மணி வாக்கிலேயே சூரியன் எழுந்துவிடும். 5 மணிக்கு நடைபாதையில் ஓடுகிறவர்களும், நாயோடு நடக்கிறவர்களும், பலகையோடு அலைக்குள் இறங்குகிறவர்களுமாக ஊரே வெளியில் இருக்கும். காபிக் கடைகளும் அந்நேரத்துக்கே திறந்துவிடும். அதே கடைகளில் பலவற்றை மதியம் 2, 3 மணிக்கெல்லாம் மூடிவிடுவார்கள். மாலை 5 மணிக்குக் காபி தேடி அலைவது நம் ஆட்களுக்கு அங்கே நேரும் முதல் அதிர்ச்சி. இரவுச் சாப்பாட்டுக்கும் அப்படித்தான்: 9 மணிக்குப் போனால் பல உணவகங்களில் அடுப்பை அணைத்திருப்பார்கள்.

விடுதியில் 9 மணிக்கு எழுந்து, பஃபேயில் நிதானமாகச் சாப்பிட்டு, 11 மணிக்குக் கடற்கரைக்குப் போவது அடுத்த தவறு. கறுத்துப்போகும் என்ற கவலை மட்டும்தான் நமக்கு; 'நம்ம தோலுக்கு என்ன ஆகும், சென்னை வெயிலே பார்த்தாச்சு' என்று நினைத்துக்கொள்கிறோம். சென்னை வெயில் சூட்டால் விரட்டும். கோல்ட் கோஸ்டில் 25 டிகிரிதான் இருக்கும், கடல் காற்று வேறு வீசும், வெயில் ஏறுவதே தெரியாது. புற ஊதாக் குறியீடு என்று ஒன்று வானிலை அறிக்கையில் வரும். அது 3 ஆனாலே தோலைக் காத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். கோடை நண்பகலில் அது 11ஐயும் தாண்டும். மேகம் மூடியிருந்தாலும் கதிர் வந்துகொண்டேதான் இருக்கும். மாநிறமானவர்களுக்கும் தோல் எரியும், சிவப்பு வெளியே தெரிய நேரமாகும், அவ்வளவுதான். எஸ்.பி.எஃப். 50+ சன்ஸ்கிரீனை வெளியே கிளம்ப 20 நிமிடம் முன்பே பூசிக்கொண்டு, 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். காது மடலும் பாதத்தின் மேற்புறமும்தான் எல்லோரும் மறக்கிற இடங்கள். குழந்தைகளுக்கு அங்கே முழுக்கைச் சட்டை மாதிரி ஒரு நீச்சல் உடையை, ரேஷ் வெஸ்ட் என்பார்கள், போட்டு விடுவது சாதாரணம். பூசிக்கொண்டே இருப்பதைவிட அது எனக்குச் சுலபமாகத் தெரிகிறது.

சரி, விடிகாலையே போய்விடலாம் என்றால் அதிலும் ஒரு சிக்கல். நடக்க, உட்கார, படம் எடுக்க எத்தனை மணிக்கு வேண்டுமானாலும் போகலாம். தண்ணீரில் இறங்குவதற்கு மட்டும் உயிர்காப்பாளர்கள் வந்து கொடி நட்ட பிறகுதான். சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகள். இரண்டுக்கும் நடுவில்தான் குளிக்க வேண்டும். காலையில் ஒரு இடத்தில் இருந்த கொடி மதியம் நூறடி தள்ளி இருக்கலாம், ஏனென்றால் அடியில் மணல் திட்டு நகர்ந்திருக்கும். தண்ணீருக்குள் இருக்கும்போதே அலை உங்களைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போகும் என்பதால், அடிக்கடி கரையைப் பார்த்துக் கொடி எங்கே என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கொடி இல்லாத இடத்தில் நம் கண்ணே நம்மை ஏமாற்றிவிடும். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஒரு துண்டுக் கடல் மட்டும் கொஞ்சம் கருத்து, அலையில்லாமல் அமைதியாகத் தெரியும். நீச்சல் தெரியாதவர் முதலில் தேர்ந்தெடுப்பது அந்த இடத்தைத்தான். கரையேறிய தண்ணீரெல்லாம் சேர்ந்து கடலுக்குத் திரும்புகிற வாய்க்கால் அது. அங்கே ரிப் என்பார்கள். ஆழமாக இருப்பதால்தான் அதில் அலை உடைவதில்லை. முழங்கால் அளவு என்று இறங்குகிறவரையும் அது இழுத்துக்கொண்டு போய்விடும், அதிலும் ஜீன்ஸோ புடவையோ நனைந்து கனத்துவிட்டால் கேட்கவே வேண்டாம். சிக்கிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துவிடக் கூடாது. மல்லாந்து மிதந்துகொண்டு ஒரு கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். நீந்தத் தெரிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடைகிற இடத்துக்கு வர வேண்டும்.

முதலை, பெட்டி ஜெல்லிமீன் என்று இணையத்தில் படித்துவிட்டுப் பயப்படுகிறவர்கள் வேறு உண்டு. அவையெல்லாம் கெய்ன்ஸ் பக்கத்து வடக்குக் கடலின் கதை. கோல்ட் கோஸ்டில் கோடையில் வடகிழக்குக் காற்றடித்தால் ப்ளூபாட்டில் என்ற நீலச் சொறிமீன் கரை ஒதுங்கும். பட்டால் சுரீரென்று எரியும். இழைகளை எடுத்துவிட்டுக் கடல் தண்ணீரால் கழுவி, தாங்குகிற சூட்டில் வெந்நீர் விட்டால் வலி அடங்கும். இதற்கு வினிகர் வேண்டாம். ஊருக்குள் ஓடும் கால்வாய்களில் மட்டும் தயவுசெய்து நீந்தாதீர்கள், அங்கே காளைச் சுறாக்கள் உண்டு.

மாதத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் தவறு நடக்கிறது. டிசம்பர், ஜனவரி என்றால் மழையும் புழுக்கமும் பிற்பகல் இடியும் உண்டு. அவர்களுக்கும் பள்ளி விடுமுறை என்பதால் அறை வாடகை எகிறியிருக்கும். நவம்பர் கடைசியில் பள்ளி முடித்த பிள்ளைகள் கூட்டங்கூட்டமாக வந்து சர்ஃபர்ஸ் பாரடைஸில் கொண்டாடுவார்கள், குடும்பத்தோடு போகிறவர்கள் அந்த வாரங்களைத் தவிர்த்துவிடலாம். என்னைக் கேட்டால் ஜூலை முதல் செப்டம்பர் வரைதான் நல்ல காலம். வானம் தெளிவாக இருக்கும், திமிங்கிலங்கள் கடந்துபோகும் காலமும் அதுதான். பர்லி ஹெட்ஸ் குன்றில் பொறுமையாக நின்றால் படகுக் கட்டணம் கொடுக்காமலே அவை நீர் பீய்ச்சுவதைப் பார்க்கலாம்.

தீம் பார்க்குகள் கடற்கரையில்தான் இருக்கும் என்று நினைத்து அறை எடுப்பவர்களும் இருக்கிறார்கள். சீ வேர்ல்டு மட்டும்தான் அப்படி. மூவி வேர்ல்டும் ட்ரீம்வேர்ல்டும் வடக்கே, நெடுஞ்சாலை ஓரம் ஆக்ஸன்ஃபோர்டு, கூமேரா பக்கம். மாலையில் சீக்கிரமே மூடிவிடுவார்கள் என்பதால் 12 மணிக்குப் போனால் காசு வீண். பிரிஸ்பேனிலிருந்து வரும் ரயிலும் கடலருகே வராது. ஹெலன்ஸ்வேலில் இறங்கி டிராமுக்கு மாற வேண்டும். 2024 ஆகஸ்டிலிருந்து குயின்ஸ்லாந்தில் அரசுப் பேருந்து, ரயில், டிராம் எல்லாவற்றுக்கும் ஒரு பயணத்துக்கு 50 சென்ட்தான். பிரிஸ்பேன் விமான நிலைய ரயில் இந்தச் சலுகையில் சேராது. கார் எடுத்தால் இன்னொன்று: விமான நிலையத்திலிருந்து கேட்வே சாலையில் வந்தால் டோல் உண்டு, டோல்கேட் கிடையாது. கேமரா படம் பிடித்துக்கொள்ளும், பணத்தை இணையத்தில் கட்ட வேண்டும். இடதுபக்கம் ஓட்டுவது நமக்குப் பழக்கம்தானே என்ற தெம்பில் பெல்ட்டைத் தளர்த்தவோ போனைத் தொடவோ வேண்டாம். அதற்கும் கேமரா இருக்கிறது, அபராதம் 1000 டாலருக்கு மேல்.

கிளிகளுக்காகக் கரம்பின் சரணாலயம் போகிறவர்கள் நண்பகலில் போய்க் கூண்டுகளைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். வானவில் நிறத்து லோரிகீட் கிளிகள் கூட்டமாக இறங்குவது காலையும் மாலையும்தான். அலெக்ஸ் கிரிஃபித்ஸ் என்ற தேனீ வளர்ப்பாளர், தன் பூச்செடிகளைக் கிளிகள் நாசம் செய்யாமலிருக்க அவற்றுக்குத் தனியாகத் தீனி வைக்க ஆரம்பித்தார். 1947இல் அதுவே சரணாலயமாயிற்று. இனிப்புக் கரைசல் ஊற்றிய தட்டைக் கையில் கொடுப்பார்கள். ஒன்று தட்டில் உட்கார்ந்தால் இன்னொன்று தலையில் உட்காரும். தொப்பி போட்டுக்கொண்டு போங்கள், வெயிலுக்காக மட்டும் சொல்லவில்லை.

கடைசி நாளுக்கு ஒரு எச்சரிக்கை. கோல்ட் கோஸ்ட் விமான நிலையம் இருப்பது கூலங்கட்டாவில், மாநில எல்லையிலேயே. தெருவைக் கடந்தால் ட்வீட் ஹெட்ஸ், அது நியூ சவுத் வேல்ஸ். அக்டோபர் முதல் ஞாயிறிலிருந்து ஏப்ரல் முதல் ஞாயிறு வரை அங்கே கடிகாரம் 1 மணி நேரம் முன்னால் ஓடும். மேசையில் வைத்த போன் அந்தப் பக்கத்துக் கோபுரத்தைப் பிடித்தால் நேரம் தானாகக் குதிக்கும், கொஞ்சம் நகர்ந்தால் பழையபடி இறங்கும். விமான நிலையம் குயின்ஸ்லாந்து நேரத்தில்தான் இயங்குகிறது. எல்லையோரம் அறை எடுத்திருந்தால், முந்தைய இரவே போனில் தானியங்கி நேரத்தை அணைத்துவிட்டு 'பிரிஸ்பேன்' என்று கையால் மாற்றி, அதன்பிறகு அலாரம் வையுங்கள். அறையை எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும் என்பதை மட்டும் வரவேற்பறையில் கேட்டுக்கொள்ளுங்கள், அது எந்தப் பக்கத்து மணி என்பதையும் சேர்த்து.