முதல் நாளே பேர் எழுதாதீங்க

பெரம்பூர்ல ஞாயித்துக்கிழமை நடக்குற காலிகிராஃபி (அழகா எழுதுற கலை) வொர்க்‌ஷாப்ல புதுசா வர்றவங்களுக்கு கூடமாட சொல்லிக்குடுக்குறேன், பேனா கைக்கு வந்த உடனே எல்லாரும் அவங்கவங்க பேரத்தான் எழுதிப் பாக்குறாங்க. ஆசை புரியுது, ஆனா கோடு கைக்கு வராம பேர் எழுதினா கோணலாத்தான் வரும், உடனே "என் கையெழுத்தே கிறுக்கல், எனக்கு இது செட் ஆகாது"ன்னு மனசு விட்டுடுறாங்க. அதுதான் எனக்கு கஷ்டமா இருக்கும். டாக்டர் சீட்டு மாதிரி எழுதுறவங்க கூட இங்க வந்து அழகா பழகியிருக்காங்க.

பெரிய தப்பு எதுன்னா நிப்ப திருப்புறது. முனை தட்டையா இருக்குற பட்டை நிப்ப, எழுதுற வரிக்கு ஃபவுண்டேஷனல்ங்கிற நேர் எழுத்து பாணிக்கு 30 டிகிரி, இட்டாலிக்ங்கிற சாய்வு எழுத்து பாணிக்கு 45 டிகிரி சாய்ச்சுப் பிடிச்சா பக்கம் முடியற வரைக்கும் அப்படியே இருக்கணும். போன மாசம் ஒரு காலேஜ் பொண்ணு 30 டிகிரில 'ட' போட்டுச்சு, கோடு இறங்குற வரைக்கும் சரி, மூலை வந்ததும் மணிக்கட்டு தானா திரும்பிடுச்சு, ரெண்டு கோடும் ஒரே தடிமனா மொத்தையா நின்னுச்சு. மணிக்கட்ட அசைக்காம கையோட சேத்து நகத்தும்மான்னு சொன்னேன், ஒரு பக்கம் முழுக்க ட போட்டுச்சு, கடைசி வரில இறங்குற கோடு தடியா, படுக்குற கோடு மெல்லிசா அப்படியே விழுந்துச்சு. அதுக்கப்புறம் அன்னைக்கு அந்தப் பொண்ணு போன கையிலயே எடுக்கல, எழுதிட்டே இருந்துச்சு.

எழுத்து உயரமும் நிப்ப வெச்சுத்தான். இட்டாலிக்ல a, n மாதிரி சின்ன எழுத்துக்கு 5 நிப் அகலம், அதாவது 3.8 எம்எம் பேனான்னா 19 எம்எம். நோட்ல எழுதுற மாதிரி குட்டியா எழுதினா உள்ள இருக்குற ஓட்டையெல்லாம் அடைச்சுக்கும்.

சாதா ஜெராக்ஸ் பேப்பர் பெரும்பாலும் இங்க்க பரவ விட்டுடும். சென்னை பாரிஸ் கார்னர் பக்கம் ஆண்டர்சன் தெரு போனா 100 ஜிஎஸ்எம் (தாளோட கனம்) பாண்ட் பேப்பர் கேளுங்க, வழவழன்னு இருக்குறதா பாத்து நாலு தாள் வாங்கி எழுதிப் பாத்துட்டு அப்புறம் கட்டா வாங்கலாம். ராயபுரம், காசிமேடு பக்கம் வீடுன்னா கடல்காத்துக்கு பேப்பர் நமுத்துப்போயி கோடு பிசிறடிக்கும், கவர்ல போட்டு வைங்க.

இந்தியன் இங்க்க ஃபவுண்டன் பேனால ஊத்தவே ஊத்தாதீங்க, அதுல அரக்கு கலந்திருக்கும், காஞ்சா உள்ளயே இறுகிடும், என் முதல் பேனா அப்படித்தான் போச்சு. தொட்டு எழுதுற நிப் புதுசுன்னா மேல எண்ணெய் பூசியிருப்பாங்க, பாத்திரம் கழுவுற சோப்பு ஒரு சொட்டு விட்டு துடைச்சுட்டு எழுதுங்க, இல்லன்னா இங்க் நிப்ல ஒட்டாம முத்து முத்தா உருண்டு நிக்கும்.